உழைத்த உடம்பு – 11: தைத்த கையும் வெட்டிய கையும்

தஞ்சோங் ரம்புத்தான் என்று ஊர்ப் பெயரைச் சொன்னால் இந்த நாட்டில் முதலில் சிரிப்பார்கள், பிறகுதான் பேசுவார்கள். 1911இல் இங்கே திறக்கப்பட்ட மனநல மருத்துவமனை வாங்கிக் கொடுத்த பெயர் அது. பின்னாளில் அதற்கு ‘பஹாகியா’ என்று மங்கலமாகப் பெயர் சூட்டியும் சிரிப்பு நின்றபாடில்லை. அந்தக் கதையைச் சென்ற இதழ்களில் பார்த்துவிட்டோம். இந்த முறை தலையை விட்டுக் காலுக்கு வருவோம், அதிலும் முட்டிக்கு.

கிந்தா பள்ளத்தாக்கின் செல்வம் முழுவதும் முட்டியை மடக்கி நிமிர்த்தி எடுத்த செல்வம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் உலகத்து ஈயத்தில் பாதி அளவு மலாயாவிலிருந்து போனது. மலாயாவில் முதலிடம் கிந்தாவுக்கு. லம்பம் என்று சொல்லும் திறந்த ஈயச் சுரங்கங்களில் சீனக் கூலிகள் தோள்கம்பின் இரு முனையிலும் மண்கூடை தொங்க, படி வெட்டிய மரத்துண்டுகளில் ஏறி இறங்கினார்கள். ஆற்றிலும் குட்டையிலும் டூலாங் தட்டோடு பெண்கள் நாள் முழுக்கக் குனிந்து மணலை அலசினார்கள். பிறகு ரப்பர் வந்தது. அதோடு நம்மவர்கள் வந்தார்கள்.

பால் மரம் வெட்டுவது நின்றுகொண்டே செய்கிற வேலை என்று வெளியாட்கள் நினைப்பதுண்டு. புதுப் பட்டையில் கத்தி வைக்கும் காலத்தில் அது உண்மைதான். ஒவ்வொரு வெட்டிலும் ஒரு மெல்லிய சீவல் பட்டை போகும். வருடங்கள் ஆக ஆக வெட்டுக்கோடு இடுப்பிலிருந்து தொடைக்கும், தொடையிலிருந்து முட்டிக்கும், கடைசியில் தரையை ஒட்டியும் இறங்கிவிடும். வெட்டுகிறவரும் அதோடு சேர்ந்து இறங்க வேண்டியதுதான். அடிப்பட்டை வெட்டுகிறவர் ஒரே காலையில் நானூறு, ஐந்நூறு மரத்தடியில் குந்தி, உடம்பைத் திருப்பி, எழுந்து அடுத்த மரத்துக்கு நடப்பார். பிறகு காண்டாக் கம்பில் இரண்டு வாளிப் பாலைத் தூக்கிக்கொண்டு மேடு பள்ளம் கடந்து ஸ்டோருக்குப் போவார். குந்தியபடி பாதத்தை ஊன்றி உடம்பைத் திருப்புவதைவிட, முட்டிக்குள் இருக்கும் பிறைக் குருத்தெலும்பைத் தேய்த்துக் கிழிப்பதற்குத் தோதான அசைவு வேறில்லை.

மெனிஸ்கஸ் என்று டாக்டர்கள் சொல்லும் இந்தப் பிறைக் குருத்தெலும்பு ஒவ்வொரு முட்டியிலும் இரண்டு உண்டு. தொடை எலும்பின் உருண்டைக்கும் கீழ்க்கால் எலும்பின் தட்டைப் பரப்புக்கும் நடுவில், குழாயில் போடும் வாஷர் மாதிரி உட்கார்ந்து பாரத்தைப் பரப்பிவிடும். மூட்டின் நடுவே ஒன்றையொன்று குறுக்காகக் கடந்து போகும் இரண்டு சிலுவைத் தசைநார்கள், கீழ்க்கால் முன்னும் பின்னும் நழுவாமல் பிடித்துவைக்கும். பந்து விளையாடுகிறவர்கள் ‘லிகமென்ட் போச்சு’ என்று சொன்னால் பெரும்பாலும் இதில் முன்பக்கத்து நாரைத்தான் சொல்கிறார்கள்.

தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு இதெல்லாம் ஒரு நோயாகவே தெரியவில்லை. அங்கே மலேரியாவும் கொக்கிப்புழுவும் வயிற்றுக்கடுப்பும்தான் எதிரிகள். முட்டி பிடித்துக்கொண்டு வந்தவருக்கு, மருத்துவ உதவியாளரான டிரசர் ஒரு கட்டுப் போட்டு அனுப்புவார். மற்றபடி கோடாலித் தைலம், உருவிவிடத் தெரிந்த பாட்டி, டவுனில் சீன வைத்தியர் கடை. இந்த உருவலைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. கிழிந்த குருத்தெலும்பின் ஒரு துண்டு நடுவில் சிக்கினால் காலை நீட்ட முடியாமல் மூட்டு பூட்டிக்கொள்ளும். பக்குவமாக மடக்கித் திருப்பி இழுத்தால் சில சமயம் சட்டென்று விட்டுவிடும். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்து வில்லியம் ஹே, 1803இல் வெளியிட்ட நூலில் இந்தப் பூட்டை விவரித்தபோது சொன்ன வைத்தியமும் கையால் மடக்கிவிடுவதுதான். மருத்துவப் பட்டமே இல்லாமல் பந்தாட்டக்காரர்களின் முட்டியைப் பிடித்துவிட்டுப் பெயர் வாங்கிய ஹெர்பர்ட் பார்க்கர் என்ற ஆங்கிலேயருக்கு 1922இல் ‘சர்’ பட்டம் கிடைத்தது. நம் பாட்டிகளுக்கு வெற்றிலை பாக்கு கிடைத்தது.

கத்தியின் கதைக்கு வருவோம். அதுவும் ஒரு சுரங்கத் தொழிலாளியிடம்தான் தொடங்குகிறது.

1883 நவம்பர் 16. எடின்பரோ நகரம். அறுவை மருத்துவர் லிஸ்டர் லண்டனுக்குப் போனபின் 1877இல் அவருடைய பேராசிரியர் நாற்காலியில் அமர்ந்தவர் தாமஸ் அனண்டேல். அவர் முன் படுத்திருந்தவர் சுரங்கத்தில் மண்டியிட்டு வேலை செய்தபோது முட்டிக்குள் ஏதோ விட்டுக்கொடுத்ததாக உணர்ந்தவர். மாதக்கணக்கில் அவதிப்பட்டு வந்திருந்தார். அந்தக் காலத்தில் மூட்டைத் திறப்பது உயிரோடு சூதாடுவதற்குச் சமம். சீழ் பிடித்தால் காலையே எடுக்க வேண்டும், காலை எடுத்தாலும் ஆள் பிழைப்பது நிச்சயமில்லை. கார்பாலிக் அமிலத்தால் கிருமியைக் கொல்லும் லிஸ்டரின் முறை வந்ததால்தான் அனண்டேலுக்குத் துணிச்சல் வந்தது. திறந்து பார்த்தார். உட்புறப் பிறை தன் இடத்தை விட்டுப் பின்னால் நழுவிக் கிடந்தது. இடுக்கியால் பிடித்து முன்னுக்கு இழுத்தார், ஆட்டுக்குடல் நூலால் மூன்று தையல் போட்டு எலும்பின் விளிம்போடு சேர்த்தார், மூடினார். முட்டி பழையபடி மடங்கி நீண்டது. 1885இல் அதைப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்.

இரண்டாவது கதை பன்னிரண்டு வருடம் கழித்து, வில்லியம் ஹேயின் அதே லீட்ஸ் நகரத்தில். பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் நான்கையும் ஒரே ஆட்சியில் சேர்க்க ஒப்பந்தம் எழுதிய அதே 1895ஆம் வருடம், நவம்பர் 21. நோயாளிக்கு 41 வயது, இவரும் சுரங்கத் தொழிலாளி. மண் சரிந்து விழுந்ததில் முட்டி சிதைந்து, கால் நிலையில்லாமல் ஆடிக்கொண்டிருந்தது. ஆர்தர் மேயோ-ராப்சன் திறந்து பார்த்தபோது சிலுவைத் தசைநார்கள் இரண்டுமே தொடை எலும்பிலிருந்து பிய்ந்து கிடந்தன. இரண்டையும் தைத்தார். அதை உடனே எழுதிவிடவில்லை. ஆறு வருடம் பொறுத்து, அந்த ஆளை மறுபடி வரவழைத்துப் பார்த்து, நொண்டாமல் நடக்கிறார், வேலை செய்கிறார் என்று தெரிந்த பிறகு 1903இல் வெளியிட்டார். இந்த இரண்டு டாக்டர்களில் எனக்கு மேயோ-ராப்சன் மேல்தான் மதிப்பு அதிகம். ஆறு வருடம் காத்திருந்து பலனைப் பார்த்த அந்தப் பழக்கம் பின்னால் வந்தவர்களுக்கு இருந்திருந்தால், லட்சக்கணக்கான முட்டிகள் தப்பியிருக்கும்.

நடந்தது வேறு. கிழிந்த குருத்தெலும்பைத் தைப்பது சிரமம், வெட்டி எடுப்பது சுலபம். தைத்தால் காலை வாரக்கணக்கில் அசையாமல் வைக்க வேண்டும். வெட்டினால் ஆள் சீக்கிரம் எழுந்து நடப்பார், பூட்டிக்கொள்வது அன்றோடு நிற்கும். குடல்வால் மாதிரி அது இல்லாமலும் உடம்பு ஓடும் என்று நம்பினார்கள். ஸ்காட்லாந்தின் இயன் ஸ்மில்லி 1946இல் வெளியிட்ட முழங்கால் காயங்கள் பற்றிய நூல் அந்தத் தலைமுறையின் வேதம். கிழிந்திருந்தால் முழுசாக எடு, அந்த இடத்தில் புதிது வளரும் என்பது அவர் வாதம். அதற்கென்றே கத்திகளும் அவர் பெயரில் வந்தன. இரண்டே வருடத்தில், 1948இல், டி. ஜே. ஃபேர்பேங்க் என்பவர் குருத்தெலும்பை எடுத்தவர்களின் எக்ஸ்ரே படங்களைப் பார்த்து ஒரு கட்டுரை எழுதினார். தொடை எலும்பின் உருண்டை தட்டையாகிறது, விளிம்பில் எலும்பு முகடு கட்டுகிறது, மூட்டு இடைவெளி சுருங்குகிறது. வாஷரைக் கழற்றினால் பாரம் ஒரே இடத்தில் இறங்கும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. ஆனாலும் வெட்டுவது இன்னும் ஏறக்குறைய முப்பது வருடம் தொடர்ந்தது.

காரணம், வெட்டியதன் பலன் உடனே தெரியும், அதன் விலை பதினைந்து இருபது வருடம் கழித்துத்தான் தெரியும். இருபத்தைந்து வயதில் குருத்தெலும்பை இழந்த பந்தாட்டக்காரர் இரண்டு மாதத்தில் மைதானத்துக்குத் திரும்பினார் என்றால் கிளப்புக்கு அது வெற்றி. நாற்பத்தைந்து வயதில் அவர் படியேற முடியாமல் நிற்கும்போது கிளப்பும் இல்லை, டாக்டரும் இல்லை. தொழிலாளியின் கதையும் அதே கதைதான். மேற்கு ஜெர்மனி 1952இல் நிலத்தடிச் சுரங்கத்தில் வேலை செய்தவர்களின் மெனிஸ்கஸ் சேதத்தைத் தொழில்நோய்ப் பட்டியலில் சேர்த்தது. அதே 1952இல்தான் மலாயாவின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமும் வந்தது. தேதியும் இடமும் சாட்சியும் உள்ள விபத்துக்கு அது பொருந்தியது. இருபது வருடம் குந்திக் குந்தித் தேய்ந்த முட்டிக்கு எந்தத் தேதியை எழுதுவது?

வெட்டுவதிலிருந்து திரும்பிவரும் பாதை ஜப்பானில் போடப்பட்டது. அதற்குக் காரணமும் முட்டியை மடக்கி உட்காருவதுதான் என்பது எனக்குப் பிடித்த செய்தி. காசநோய் தாக்கிய முட்டி மடங்காமல் விறைத்துப்போகும். தரையில் மண்டியிட்டு உட்காரும் ஜப்பானியருக்கு அது சாப்பிடவும் கும்பிடவும் முடியாத ஊனம். நோயை ஆரம்பத்திலேயே பார்க்க வேண்டும் என்று டோக்கியோவின் கென்ஜி தகாகி 1918இல் சிறுநீர்ப்பையைப் பார்க்கும் குழாய்க்கருவியை ஒரு பிணத்தின் முட்டிக்குள் விட்டுப் பார்த்தார். அவருடைய சீடர் மசாகி வதனாபே கருவியைத் திருத்திக்கொண்டே போனார். உலகம் அறிந்தது அவருடைய 21ஆம் எண் கருவி. நுனியில் சின்ன பல்பு, அது மூட்டுக்குள்ளேயே உடைந்துவிடும் பயம் வேறு. 1962 மே 4 அன்று, கூடைப்பந்து விளையாடி முட்டியைத் திருப்பிக்கொண்ட 17 வயதுப் பையனுக்கு, அந்தக் கருவி வழியே பார்த்தபடி கிழிந்த துண்டை மட்டும் எடுத்தார். மீதிப் பிறை அப்படியே இருந்தது.

1964 டோக்கியோ ஒலிம்பிக்குக்கு மலேசியாவிலிருந்து போனவர்களில் மருத்துவ மாணவராக இருந்த மணி ஜெகதீசனும், நம் பேராக் தாப்பாவில் பிறந்த எம். ராஜமணியும் உண்டு. அதே ஒலிம்பிக்குக்குக் கனடா அணியின் டாக்டராக வந்தவர் ராபர்ட் ஜாக்சன். அவர் வதனாபேயைத் தேடிப் பிடித்தார். ஜாக்சன் வதனாபேக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்க, வதனாபே ஜாக்சனுக்கு முட்டிக்குள் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார். ஜாக்சன் டொராண்டோ திரும்பிய பிறகுதான் மேற்குலகம் இந்த வித்தையைக் கற்றது. 1969இல் ஹிரோஷி இகெயூச்சி, மீண்டும் டோக்கியோவில், குழாய் வழியாகவே குருத்தெலும்பைத் தைத்துக் காட்டினார். எடின்பரோவின் மூன்று தையலுக்குப் பிறகு மருத்துவ உலகம் அதே இடத்துக்கு வந்துசேர எண்பத்தாறு வருடம் ஆகியிருந்தது.

எல்லாக் கிழிசலையும் தைக்க முடியாது. பிறையின் வெளி விளிம்பில்தான் ரத்த ஓட்டம் உண்டு, உள் விளிம்பு வெறும் நார். வெளி விளிம்பில் நீளவாக்கில் கிழிந்த இளைஞரின் குருத்தெலும்பு தைத்தால் ஒட்டும். ஐம்பது வயதில் தேய்ந்து நைந்ததற்கு ஊசி எங்கே போடுவது? அப்படிப்பட்டவர்களுக்கு நைந்த ஓரத்தைச் செதுக்கிவிடுவது உலகமெங்கும் பெருவழக்கமானது. 2013இல் ஃபின்லாந்துக்காரர்கள் ஒரு துணிச்சலான சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். 35 முதல் 65 வயதுக்குட்பட்ட 146 பேரில் ஒரு பாதிக்கு உண்மையான செதுக்கல், மறுபாதிக்குத் தோலில் துளை மட்டும் போட்டு நடிப்பு. ஒரு வருடம் கழித்து இரு தரப்பும் சமம். மூட்டுத் தேய்வுக்குக் குழாய் விட்டுக் கழுவுவதும் நடிப்பைவிட மேலில்லை என்று 2002இலேயே அமெரிக்காவில் காட்டியிருந்தார்கள். நடுத்தர வயதில் முட்டி வலி என்று போனதும் ‘ஸ்கோப் பண்ணிடலாம்’ என்று யாராவது சொன்னால் இந்த இரண்டு சோதனைகளையும் நினைத்துக்கொள்ளுங்கள். நிஜமாகவே பூட்டிக்கொண்ட முட்டியின் கதை வேறு.

சிலுவைத் தசைநாரின் கதை இன்னும் கரடுமுரடு. மேயோ-ராப்சனின் சுரங்கத் தொழிலாளிக்கு நார் எலும்பிலிருந்தே பிய்ந்திருந்தது, அதனால் திரும்பச் சேர்க்க முடிந்தது. நடுவில் அறுந்த நாரைத் தைத்தால் பெரும்பாலும் நிற்பதில்லை. முதல் உலகப் போர்க் காலத்தில், 1917இல், பிரிஸ்டலின் ஹே குரோவ்ஸ் வேறு வழி பார்த்தார். தொடையின் வெளிப்புற நார்ப்பட்டையில் ஒரு கீற்றை எடுத்து, எலும்பில் சுரங்கம் குடைந்து, பழைய நார் போன பாதையிலேயே கோத்தார். இன்றைக்கு ஈப்போவிலோ சென்னையிலோ செய்யப்படும் ஏசிஎல் (முன்பக்கச் சிலுவை நார்) அறுவையின் எலும்புக்கூடு அதுதான். கோக்கிற நார் மட்டும் மாறிக்கொண்டே வந்தது. 1963இல் கென்னத் ஜோன்ஸ் முட்டிச் சில்லுக்குக் கீழுள்ள தசைநாணை எடுத்தார். 1980இல் கேம்பிரிட்ஜ் வட்டாரத்து டேவிட் டேண்டி குழாய் வழியே முதல் ஏசிஎல் அறுவையைச் செய்தபோது கோத்தது கரிமநார். அது உள்ளே உதிர்ந்து கறுப்புத் தூளானது. பிறகு வந்த கோர்-டெக்ஸ் போன்ற செயற்கைக் கயிறுகளும் நிலைக்கவில்லை. கடைசியில் அவரவர் உடம்பிலிருந்தே எடுப்பது என்று முடிவானது. ஒன்று முட்டிச் சில்லின் தசைநாண், இல்லையென்றால் தொடையின் பின்புறத் தசைநாண்களை நாலாக மடித்தது.

முன்னதைத் தேர்ந்தால் நார் உறுதியாகப் பிடிக்கும், மண்டியிடும்போது முட்டியின் முன்பக்கம் வலிக்கும். மேலை நாட்டு விளையாட்டுக்காரர் அதைப் பெரிதாக எண்ண மாட்டார். ஐந்து வேளை தொழுகிற நாட்டில், தரையில் சம்மணமிட்டுச் சாப்பிடும் வீட்டில், அது தினமும் உறுத்தும். பின்தொடைத் தசைநாணை இங்குள்ள பல டாக்டர்கள் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பலனை எப்படி அளப்பது என்பதில்தான் எனக்கு மனத்தாங்கல். லிஷோம் மதிப்பெண் என்று ஒன்று உண்டு, ஸ்வீடனில் 1980களில் உருவானது, உலகமெங்கும் பயன்படுகிறது. மொத்தம் நூறு. வலிக்கு 25, நிலையின்மைக்கு 25, பூட்டிக்கொள்வதற்கு 15, வீக்கத்துக்கும் படியேறுவதற்கும் பத்துப் பத்து, நொண்டுதலுக்கும் ஊன்றுகோலுக்கும் ஐந்தைந்து. குந்துவதற்கு? ஐந்து. அடிப்பட்டை வெட்டுகிற ஒருவரால் குந்தவே முடியாமல் போனாலும், மற்றதெல்லாம் சரியாக இருந்தால் அவர் 95 வாங்கி மிகச் சிறப்பு என்று தேறிவிடுவார். மறுநாள் காலை ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போனால் வேலை இல்லை.

விளையாட்டுக்காரர்களின் கணக்கும் விளம்பரத்தில் சொல்கிற அளவுக்கு இனிப்பாக இல்லை. ஏசிஎல் அறுவை செய்த சுமார் 7,500 பேரின் விவரங்களைத் தொகுத்து 2014இல் பார்த்தார்கள். ஏதாவது ஒரு விளையாட்டுக்குத் திரும்பியவர்கள் நூற்றுக்கு 81. பழைய தரத்துக்கு 65. போட்டி ஆட்டத்துக்கு 55. கோத்த தசைநாண் முதலில் உயிரற்ற கயிறு. அதற்குள் ரத்தக் குழாய்கள் புகுந்து நாராக மாற மாதங்கள் ஆகும், நடுவில் ஒரு கட்டத்தில் அது கோத்த நாளைவிடப் பலவீனமாகவே இருக்கும். வலி போய்விட்டதே என்று ஐந்தாம் மாதம் பந்தை உதைக்கிறவருக்கு ஆபத்து அங்கேதான். திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும், ஒன்பதாம் மாதம் வரை, மறுகாயத்தின் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது என்று 2016இல் நார்வே ஆய்வு ஒன்று சொன்னது. அதற்கும் முன்பே ஸ்வீடனில் 121 இளைஞர்களிடம் செய்த சோதனையில் இன்னொன்று தெரிந்தது. முதலில் கடும் உடற்பயிற்சி, தேவைப்பட்டால் பிறகு கத்தி என்று விடப்பட்டவர்களில் பாதிப்பேருக்கு ஐந்து வருடம் ஆகியும் கத்தி தேவைப்படவில்லை. அவர்களின் முட்டி உடனே அறுவை செய்தவர்களின் முட்டியைவிட மோசமாகவும் இல்லை.

இந்திய மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத் 2016 ரியோவில் ஒரு முட்டியை இழந்து திரும்பி வந்தார். 2023 ஆகஸ்டில் மறு முட்டியின் ஏசிஎல்லுக்கு அறுவை செய்துகொண்டு, அடுத்த ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கின் இறுதிப்போட்டி வரை போனார். எடைக் கணக்கில் தகுதி இழந்தது வேறு வழக்கு. அந்தப் பன்னிரண்டு மாதமும் பயிற்சி தருவதற்கு ஆள் இருந்தது, முட்டியைத் தேற்றுவதே அவருடைய முழுநேர வேலையாக இருக்க முடிந்தது. இதில் கத்தி செய்தது ஒரு காலைப் பொழுதின் வேலைதான்.

நம் பேராக்கில் இன்று முட்டி போவது பெரும்பாலும் ரோட்டில். மோட்டார் சைக்கிளில் போகிறவரின் கீழ்க்கால் எதிலாவது மோதிப் பின்னுக்குத் தள்ளப்பட்டால் பின்பக்கச் சிலுவை நார் அறும். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில், அதாவது ராஜா பெர்மைசூரி பைனுனில், குடிமகனுக்கு நிபுணரைப் பார்க்க ஐந்து வெள்ளிதான். தசைநாணை எலும்பில் இறுக்கும் திருகுக்கும் பொத்தானுக்கும் நோயாளியே கையிலிருந்து கொடுக்க வேண்டி வருவதுண்டு. வேலையில் நேர்ந்த காயம் என்றால் 1971 முதல் சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பு அமைப்பு இருக்கிறது. 2014 முதல் மலாக்காவில் அதன் மறுவாழ்வு மையம் இயங்குகிறது, இப்போது நம் ஈப்போ மேரு ராயாவிலும் எழுந்திருக்கிறது. தையலைவிடப் பயிற்சிக்குப் பணம் செலவிடும் இந்தப் போக்கைத் தாராளமாகப் பாராட்டலாம்.

பால் மரங்கள் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயங்களில் இருந்த நம்மவர்கள் ஈப்போவுக்கும் செம்மோருக்கும் அதற்கு அப்பாலும் போய்விட்டார்கள். தோட்டத்தில் இன்று குலை தள்ளுகிறவர்கள், உதிரி பொறுக்கக் குந்துகிறவர்கள் இந்தோனேசியர்கள், வங்காளதேசிகள். சொக்சோவின் வேலைக்காயத் திட்டம் அவர்களையும் 2019 ஜனவரி 1 முதல் சேர்த்துக்கொண்டது. முட்டியில் நார் அறுந்த ஒருவர் பழையபடி மரத்தடியில் குந்த ஒன்பது மாதம் வேண்டும் என்று மருத்துவம் சொல்கிறது. அவருடைய வேலை பெர்மிட்டை வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும், புதுப்பிப்பதா வேண்டாமா என்பது முதலாளியின் கையில்.

(தொடரும்)